கடலுக்குத் தடை விழுந்த நாளில் மலைக்குப் போகாதீர்கள்

எங்கள் இராமநாதபுரம் கரையில் பிறந்த பலருக்கு முதலில் தெரிந்த மலை இராமேசுவரத்துக் கெந்தமாதன பர்வதம்தான். தீவிலேயே உயரமான இடம் அது. ஆனால் மூச்சு வாங்குவதற்குள் உச்சி வந்துவிடும் மணல்மேடு. அந்தப் பழக்கத்தோடுதான் கார்த்திகை, மார்கழியில் வேன் பிடித்துச் சதுரகிரிக்கும், பாதை திறக்கும் பிப்ரவரியில் வெள்ளியங்கிரிக்கும் கிளம்புகிறோம். பல ஆண்டுகளாக ஊர்ப் பையன்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அதே தவறுகளைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

பெரிய தவறு நாள் பார்ப்பதிலேயே நடந்துவிடுகிறது. காற்று பலமாக வீசும் என்று எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போக மீன்வளத்துறை அனுமதி டோக்கன் கொடுக்காது. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். படகுகள் நங்கூரத்தில் கிடக்கும், தொழில் இருக்காது, ஆட்கள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். 'சும்மா கிடக்கிற நாள்தானே, மலைக்குப் போய்விட்டு வந்துவிடலாம்' என்று யாராவது சொல்வார்கள், வேன் கிளம்பிவிடும். நம் கரையைத் தாண்டிப் போகும் வடகிழக்குக் காற்று எங்கே போய் முட்டுகிறது என்று யோசித்துப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில்தான். சதுரகிரி இருப்பதும் அந்தச் சரிவில்தான். கடல் வேண்டாம் என்று சொன்ன அதே காற்று அங்கே மழையாகக் கொட்டுகிறது.

காலையில் கணுக்கால் நனையத் தாண்டிய ஓடை மாலையில் இடுப்புக்கு மேல் ஓடும். மேலே எங்கோ பெய்த மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். 2015 மே மாதம் சதுரகிரியில் அப்படித் திடீரென வந்த வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். கோடை மழைக்கே அந்த வேகம். இதில் நம் பையன்களுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு: நீச்சல் தெரியும் என்ற தைரியம். அலைகடலில் நீந்துகிறவன் காட்டோடைக்குப் பயப்படுவானா என்பார்கள். கடலில் அலை தூக்கி இறக்கும். ஓடை ஆளை இழுத்துக்கொண்டுபோய்ப் பாறையில் அடிக்கும். அங்கே நீச்சலுக்கு வேலையே இல்லை. தெளிவாக ஓடிய தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் அந்த நொடியே மேட்டில் ஏறிவிடுங்கள். மழை விட்டதும் தண்ணீர் வடியும். இரவு முழுவதும் பாறையில் உட்கார்ந்திருக்க நேர்ந்தாலும் காத்திருங்கள்.

அடுத்தது நேரக் கணக்கு. மணலில் நாள்தோறும் நடக்கிறவர்கள் நாம்; 6 கிலோமீட்டர் என்றால் சிரிப்போம். சமதரையில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம் என்பது 1892இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன கணக்கு. அதுவும் நல்ல நடைக்காரருக்கு, நிற்காமல் ஏறினால். பெரியவர்களும் பிள்ளைகளும் உள்ள குழுவுக்கு இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் பகல் ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம்தான். கடற்கரையில் சூரியன் அடங்கிய பிறகும் மணலும் தண்ணீரும் வெளிச்சம் காட்டும். கிழக்குச் சரிவிலோ சூரியன் முகட்டுக்குப் பின்னால் சீக்கிரமே மறைந்துவிடுகிறது; மரத்தடியில் நாலரைக்கே கண் மங்குகிறது. திரும்பும் நேரத்தை அடிவாரத்திலேயே முடிவு செய்யுங்கள். நாங்கள் பன்னிரண்டு மணி என்று வைத்திருக்கிறோம். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் பன்னிரண்டுக்குத் திரும்பிவிட வேண்டும். கோபித்துக்கொண்டவர்கள் உண்டு, நான் விட்டுக்கொடுத்ததில்லை. ஆளுக்கொரு டார்ச் வேண்டும். செல்போன் வெளிச்சத்தை நம்ப வேண்டாம்.

குளிரைப் பற்றிச் சொன்னால் எங்கள் ஊரில் யாரும் காதில் வாங்குவதில்லை. வாடைக்காற்றில் வலை இழுத்தவனுக்கு என்ன குளிர் என்பார்கள். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஆறரை டிகிரி அளவுக்குக் குறையும். 1,500 மீட்டர் முகட்டில் நம் கரையைவிடப் பத்து டிகிரி குறைவு, அதோடு காற்று வேறு. ஒரு பிப்ரவரியில் எங்களோடு வந்த தம்பி ஒருவன், இருபத்திரண்டு வயது, நாட்டுப்படகில் போகிறவன், எல்லோருக்கும் முன்னால் பருத்தி பனியனோடு ஏறிப்போனான். பனியன் வேர்வையில் ஊறி உடம்போடு ஒட்டியிருந்தது. நாங்கள் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது காற்றுக்கு நேரே உட்கார்ந்து பையைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். வலை முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற விரல்கள், ஜிப்பைப் பிடிக்க முடியாமல் நழுவின. "என்னடா?" என்று கேட்டேன். "ஒன்றுமில்லண்ணே" என்றான்; நாக்குக் குழறியது. பனியனைக் கழற்றித் துடைத்து, உலர்ந்த சட்டையும் ஸ்வெட்டரும் போட்டு, பாறை மறைவில் இரண்டு பேருக்கு நடுவில் உட்காரவைத்தோம். பிளாஸ்கில் இருந்த சுக்குக் காப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். முக்கால் மணி நேரம் ஆயிற்று அவன் சரியாகப் பேச. உதறல், நடைத் தடுமாற்றம், பேச்சுக் குழறல் மூன்றும் குளிர் உள்ளே இறங்கிவிட்டதற்கு அடையாளம். அப்போது மது கொடுத்தால் சூடேறுவதுபோலத் தோன்றும். உண்மையில் உடம்பில் மிச்சமிருக்கும் சூடும் போய்விடும். ஆகவே மாற்றுச் சட்டை ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப்போங்கள். உச்சிக்குச் சற்றுக் கீழேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

குளிரில் தாகம் தெரியாது. தெரியாவிட்டாலும் தண்ணீர் குடிக்க வேண்டும். சாப்பாடு கட்டும்போது நம் சாயல்குடிப் பக்கத்துப் பனங்கருப்பட்டியை மறக்காதீர்கள். ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டு ஏறினால் கால் சோராது. இரவெல்லாம் வேனில் விழித்திருந்துவிட்டு விடிந்ததும் நேரே ஏறுவதை நிறுத்துங்கள். பாதை திறந்திருக்கிறதா என்று வனத்துறையிடம் முதல் நாளே கேளுங்கள். பனி விலகியதும் புல் காய்ந்துவிடும். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ பலி கொண்டதை மறக்க முடியுமா? கற்பூரம் ஏற்றினால் அது அணையும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.

இறங்கும்போதுதான் கடற்கரைக் கால் அதிகம் வதைபடுகிறது. மணல் உள்வாங்கும், கல் உள்வாங்காது. ஒவ்வொரு படியும் முழங்காலில் வந்து இடிக்கும். ரப்பர் செருப்பை வேனிலேயே விட்டுவிடுங்கள். மூங்கில் தடி ஏறுவதற்கு மட்டும்தான் என்று உச்சியில் போட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இறங்கும்போதுதான் அது கூடுதலாக உதவும்.

விசைப்படகு டோக்கன் இல்லாமல் கடலுக்குப் போகக் கூடாது. யார் யார் போனார்கள், எப்போது திரும்ப வேண்டும் என்பது கரையில் ஒருவருக்குத் தெரிந்திருக்கும். மலைக்கு மட்டும் யாரிடமும் சொல்லாமல் போகிறோம். நாங்கள் இப்போது ஒரு தாளில் எல்லாப் பெயர்களையும், எந்தப் பாதை, எத்தனை மணிக்கு இறங்குவோம் என்பதையும் எழுதி என் அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறோம். இரவு எட்டு வரை போன் வராவிட்டால் அவர் வனத்துறைக்கும் காவல் நிலையத்துக்கும் தகவல் சொல்ல வேண்டும். எண்களும் அதே தாளில் இருக்கின்றன. அடிவாரத்தில் தலைகளை எண்ணி, "எல்லோரும் இறங்கிவிட்டோம், அக்கா" என்று அவரிடம் சொன்ன பிறகுதான் டீக்கடைப் பக்கம் போவோம்.