சென்னை ஜார்ஜ் கோட்டைக்குக் குடும்பத்தோடு போகும் முன்

செஞ்சி மாதிரி ஏறலாம், வேலூர் மாதிரி அகழியைச் சுற்றி நடக்கலாம் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டிக் கூட்டிப் போகாதீர்கள். தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் ராணுவ அலுவலகங்களும் இயங்குகிற இடம் இது. வாசலில் போலீஸ் பையைத் திறந்து பார்க்கும். ராணுவப் பகுதியில் போன் கேமராவைத் தூக்கவே வேண்டாம்.

வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. செயலகம் ஓய்ந்திருக்கும் சனிக்கிழமை காலைதான் என் தேர்வு. கடற்கரை - தாம்பரம் மின்சார ரயிலில் வந்தால் ‘கோட்டை’ நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். பாரிமுனை நெரிசலில் கார் நிறுத்த இடம் தேடுவது வீண் வேலை.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கடவுச்சீட்டையும், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) இருந்தால் அதையும் கையில் வைத்திருங்கள், அசலாக. அருங்காட்சியகம் இந்தியத் தொல்லியல் துறையுடையது. வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு. ஓசிஐ இருந்தால் இந்தியர் கட்டணம்தான். இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் அப்படியே, சார்க் எனும் தெற்காசியக் கூட்டமைப்பு நாடு என்பதால். கனடா, பிரிட்டன் கடவுச்சீட்டு மட்டும் வைத்துக்கொண்டு, “நானும் தமிழ்தானே அண்ணே” என்று கவுண்டரில் வாதாடிப் பயனில்லை. 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது.

நேரம் குறைவென்றால் புனித மேரி தேவாலயத்தை விடாதீர்கள். 1680இல் திறந்தது. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கட்டும், தீப்பிடிக்கவும் கூடாது என்று கூரையை மரமே இல்லாமல், தடித்த செங்கல் வளைவாகக் கட்டியிருக்கிறார்கள். வெளியே முற்றத்தில் பாவியிருப்பது பழைய கல்லறைக் கற்கள். எழுத்துகளைப் படிக்கவிட்டால் பிள்ளைகள் அரை மணி நேரம் அசைய மாட்டார்கள். ராபர்ட் கிளைவின் திருமணம் 1753இல் நடந்தது இங்கேதான்.

அருங்காட்சியகத்தில் துப்பாக்கி, பீங்கான், ஆளுநர் படங்கள் எல்லாம் ஒரு சுற்று போதும். நின்று பார்க்க வேண்டியது 1947 ஆகஸ்ட் 15 விடியலில் இந்தக் கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடி. தாத்தா பாட்டி கூட வந்தால் அங்கே அவர்களைப் பேசவிடுங்கள். இதே கட்டடத்தின் மேல்தான் 1796இல் ஊரின் முதல் கலங்கரை விளக்கம் ஒளிர ஆரம்பித்தது.

அப்புறம் கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள். பாதிக் கதை சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் பகுதியில்தான் நம் ஆட்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரம் இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடமிருந்து கோட்டையைப் பிடித்தார்கள், 1749இல் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தச் சண்டைக் காலத்தில், எதிரி ஒளிந்து சுட மறைவு இருக்கக் கூடாதென்று அங்கிருந்த வீடுகளை இடித்து வெட்டவெளியாக்கிவிட்டார்கள். குடியிருந்தவர்கள் வடக்கே நகர, இன்றைய ஜார்ஜ் டவுன் பெருகியது. தம்பு செட்டித் தெரு காளிகாம்பாள் கோயிலும் முதலில் கோட்டைப் பக்கம் இருந்ததாகத்தான் சொல்வார்கள். நடை சாத்துவதற்குள், பதினொரு மணி வாக்கில் போய்விட்டால் தரிசனம் கிடைக்கும்.

வெயில் ஏறினால் மண்ணடியில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்புங்கள். பர்மா பஜார் பக்கத்து அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடைகள் மாலையில்தான் களைகட்டும். அதற்காகப் பச்சைக் குழந்தையோடு வெயிலில் காத்திருக்க வேண்டாம், இன்னொரு நாள் வரலாம்.