டிரெய்லர் லைட் எரியவில்லையா? பல்பைக் கழற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

பிக்கப்பில் டிரெய்லரை மாட்டிப் பிளக்கைச் செருகியாகிவிட்டது, பிரேக்கை மிதித்தால் ஒரு பக்கம்தான் எரிகிறது. இல்லையென்றால் வலது இண்டிகேட்டர் போட்டால் இரண்டு பக்கமும் மங்கலாகச் சிமிட்டுகிறது. நாம் பிரேக் பிடிப்பது பின்னால் வருகிறவருக்குத் தெரியவில்லை என்றால் ஆபத்து, அதனால் அவசரப்படாமல் வரிசையாகப் பார்ப்போம்.

தேவையானவை: 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப் (பல்பு வைத்தது), மல்டிமீட்டர், சாண்ட் பேப்பர், நீளமான ஒரு ஒயர். மீட்டர் மட்டும் போதாது. ஒயருக்குள் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது 12 வோல்ட் காட்டிவிடும், ஆனால் லைட் எரியாது. டெஸ்ட் லேம்ப் கொஞ்சம் கரண்ட் இழுப்பதால் அது அவ்வளவு சுலபமாக ஏமாறாது.

1. கோளாறு வண்டியிலா, டிரெய்லரிலா?

பிளக்கைப் பிரித்துவிட்டு வண்டிப் பக்கத்தை மட்டும் சோதியுங்கள். வட அமெரிக்க வண்டிகளில் வரும் 4 முனை தட்டைப் பிளக்கில் வெள்ளை எர்த் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழி), பழுப்பு பார்க்கிங் லைட், மஞ்சள் இடது, பச்சை வலது. பிரேக்குக்குத் தனி ஒயர் கிடையாது, மஞ்சளும் பச்சையும்தான் அதையும் சுமக்கின்றன. வேறு நாட்டு வண்டியிலும், யாராவது கைவைத்த வண்டியிலும் நிறம் மாறும், அதனால் நிறத்தை நம்பாமல் லேம்பை நம்புங்கள்.

லேம்பின் கிளிப்பைப் பிளக்கின் எர்த் முனையிலேயே மாட்டுங்கள் (வண்டிப் பக்கத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை முனை அதுதான்). ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஒவ்வொரு லைட்டாகப் போடச் சொல்லி, மற்ற முனைகளைத் தொட்டுப் பாருங்கள். எல்லாவற்றிலும் பளிச்சென்று எரிந்தால் வண்டியில் குறையில்லை. எரியாவிட்டால் டிரெய்லருக்கென்று தனியாக இருக்கும் பியூஸையும் ரிலேவையும் (கரண்ட்டால் இயங்கும் சுவிட்ச்) பாருங்கள், பியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில் மாற்றுங்கள். ஒரு விஷயம்: சில புது வண்டிகளில் டிரெய்லர் மாட்டியிருப்பதை வண்டி உணர்ந்தால்தான் பிளக்கிற்கே கரண்ட் வரும்.

2. பிளக்

முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா? சாண்ட் பேப்பரால் பித்தளை மின்னும்வரை தேய்த்து, மின்முனைகளுக்கென்றே வரும் கிரீஸை லேசாகத் தடவுங்கள்.

3. எர்த்

பெரும்பாலும் கோளாறு இங்கேதான். எனக்கு ஒருமுறை வலது இண்டிகேட்டர் போட்டதும் இடது லைட்டும் மங்கலாகத் துடித்தது. பல்பு மாற்றியும் அதே கதை. கடைசியில் வெள்ளை ஒயரை டிரெய்லர் சேஸிஸில் (இரும்புச் சட்டத்தில்) இறுக்கும் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால், வாஷருக்கு அடியில் பெயிண்ட் அப்படியே இருந்தது, அதன் ஓரமாகத் துரு ஒரு வளையம் போட்டிருந்தது. திரும்பிப் போக நேர்வழி இல்லாததால் கரண்ட் அடுத்த பல்பின் இழை வழியாகப் புகுந்து வெளியேறிக்கொண்டிருந்திருக்கிறது.

உங்களுக்கும் இதுதானா என்று பார்க்க, லைட்டை எரியவிட்டு நீள ஒயரின் ஒரு முனையை வண்டி பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை டிரெய்லர் லைட்டின் எர்த்திலும் வையுங்கள். சட்டென்று பிரகாசமானால் எர்த்தான் பிரச்சினை. மீட்டரில் பார்க்கிறவர்கள், லைட் எரியும்போதே அதே இரண்டு இடத்துக்கும் நடுவே அளக்கலாம்: 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, அரை வோல்ட்டைத் தாண்டினால் வழியில் எங்கோ தடை. இன்னொரு அடையாளமும் உண்டு, டிரெய்லரைக் கொக்கியில் மாட்டினால் மட்டும் லைட் சரியாகிறதென்றால் எர்த் அந்தக் கொக்கி உருண்டை வழியாகத்தான் ஓடுகிறது. பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரியவைத்து, போல்ட்டை இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள்.

4. இன்னும் எரியவில்லையா?

அப்புறம் பல்பைப் பாருங்கள். ஒரே பல்புக்குள் பார்க்கிங்குக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று என இரண்டு இழை இருக்கும், ஒன்று மட்டும் அறுந்திருக்கலாம். அதுவும் சரியென்றால் சேஸிஸ் விளிம்பில் உரசும் இடங்களிலும் ஒயரைக் கடித்துப் பிடிக்கும் ஒட்டு கிளிப்புகளிலும் ஒயரைத் தடவிப் பாருங்கள். அந்தக் கிளிப்புக்குள் தண்ணீர் புகுந்து ஒயர் அரித்துப்போகும், வெட்டிவிட்டு சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடுபட்டால் சுருங்கி இறுகுவது) போட்டுவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் பார்க்கிங், பிரேக், இண்டிகேட்டர் மூன்றையும் ஒன்றாகப் போட்டு, பிளக்கின் ஒயரைக் கையால் ஆட்டிக்கொண்டே பாருங்கள். இண்டிகேட்டர் சீராகச் சிமிட்டுவதைத் தவிர ஒரு லைட்கூட மினுக்கக் கூடாது.