எடை கூடிய கர்ப்பிணி, வயிற்றில் வளரும் பிள்ளை: வீட்டில் நடக்கும் தவறுகள்

"மாசமா இருக்குற புள்ள, ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்த்தா" என்று சொல்லாத வீடு மதுரைப் பக்கம் கிடையாது. பாசத்தில் குறை இல்லை, கணக்கில்தான் குறை. முதல் மூன்று மாதம் கூடுதல் சாப்பாடு ஏறக்குறையத் தேவையே இல்லை. அதற்குப் பிறகும் சராசரி எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 350 கலோரி கூடினால் போதும். ஒரு டம்ளர் பால், ஒரு அவித்த முட்டை, ஒரு கைப்பிடி சுண்டல், அவ்வளவுதான். கர்ப்பத்துக்கு முன்பே எடை கூடியிருந்தவருக்கு இதுவும் முழுதாகத் தேவைப்படாது. அரசு தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வரும் நெய்யையும் பேரீச்சம்பழத்தையும் ஒரே மாதத்தில் தீர்த்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

பூசினாற்போல இருப்பதை லட்சணம் என்று சொல்லிப் பழகிய ஊர் இது. அதனால் எடை கூடியிருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. எடையை உயரத்தோடு ஒப்பிடும் பிஎம்ஐ கணக்கில் மேலை நாட்டவருக்கு 30 தொட்டால் உடல்பருமன். இந்தியர்களுக்கு 25 தொட்டாலே அப்படித்தான். அதே எடையில் நமக்கு வயிற்றுக் கொழுப்பு அதிகம், சர்க்கரையும் சீக்கிரம் எட்டிப் பார்க்கிறது. 155 செ.மீ. உயரமுள்ள பெண் 60 கிலோ இருந்தால் பிஎம்ஐ 25 வந்துவிடும், 72 கிலோ என்றால் 30. கர்ப்பத்துக்கு முந்தைய எடையை, அது தெரியாவிட்டால் மூன்றாம் மாதத்துக்குள் பார்த்த எடையை வைத்துத்தான் இதைக் கணக்கிட வேண்டும். ஏழாம் மாதத்தில் பார்த்தால் பிள்ளையின் எடை, பனிக்குட நீர் எல்லாம் சேர்ந்து கணக்கு குழம்பும்.

"புள்ள நாலு கிலோ!"

பிரசவ வார்டு வாசலில் இதைப் பெருமையாகச் சொல்லிச் சாக்லேட் கொடுப்பவர்கள் உண்டு. பிள்ளை நன்றாக இருந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் நாலு கிலோ எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். அம்மாவின் ரத்தத்தில் உள்ள சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும், அம்மாவின் இன்சுலின் போகாது. அதனால் வந்து குவியும் சர்க்கரையைச் சமாளிக்கப் பிள்ளையின் கணையமே கூடுதல் இன்சுலின் சுரக்கிறது. கருவில் இன்சுலின் ஒரு வளர்ச்சி ஹார்மோன் போலவும் வேலை செய்யும். தலை வழக்கம்போல வளர, வயிறும் தோளும் மட்டும் கொழுப்பு சேர்ந்து பெருக்கும். சர்க்கரை சரியாக இருந்தாலும், எடை கூடிய தாயின் ரத்தத்தில் உள்ள கூடுதல் கொழுப்பு இதே வேலையைக் கொஞ்சம் செய்யும்.

விளைவு பிரசவத்தில் தெரியும். தலை வந்த பிறகு தோள் மாட்டிக்கொள்வது மகப்பேறு மருத்துவர்கள் மிகவும் பயப்படும் நிலைமைகளில் ஒன்று. தொப்புள்கொடியை வெட்டியதும் அம்மாவிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுபோகும், பிள்ளையின் இன்சுலின் நிற்காது. அதனால் பிறந்த சில மணி நேரத்தில் பிள்ளைக்குச் சர்க்கரை தடாலென்று இறங்கலாம். அந்த நேரத்தில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது உதவாது. ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும், குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கச் செவிலியர் வந்தால் தடுக்கக் கூடாது.

இதன் மறுபக்கத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. அம்மா குண்டாக இருந்தால் பிள்ளை சிறுத்துப் போகாது என்று நம்புகிறார்கள். உடல்பருமனோடு ரத்தக் கொதிப்பும் சேர்ந்தால் நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறைந்து, பிள்ளை வளர்ச்சி குன்றிப் போகலாம். வயிற்றைத் தொட்டும் டேப் வைத்தும் இதைக் கண்டுபிடிப்பது எடை கூடியவர்களிடம் கஷ்டம். அதனால்தான் கடைசி மாதங்களில் திரும்பத் திரும்ப வளர்ச்சி ஸ்கேன் எழுதுகிறார்கள். ஐந்தாம் மாத ஸ்கேனில் இதயமோ முதுகெலும்போ தெளிவாகத் தெரியாமல் "இன்னொரு நாள் வாங்கம்மா" என்றால் அதற்கும் காரணம் கொழுப்புப் படலம் ஒலி அலையை மங்கச் செய்வதே. "காசு பிடுங்கப் பார்க்கிறார்கள்" என்று அந்த இரண்டாவது ஸ்கேனைத் தவிர்ப்பது பெரிய தவறு, ஏனென்றால் நரம்புக்குழாய்க் குறையும் (மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் சரியாக மூடாமல் போவது) இதயக் குறையும் உடல்பருமன் உள்ள தாய்மார்களின் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வருகின்றன. அதே சமயம் ஸ்கேன் சொல்லும் எடையையும் அப்படியே நம்ப வேண்டாம். பத்துப் பதினைந்து சதவீதம் முன்னே பின்னே இருக்கும். 3.8 கிலோ என்று அச்சடித்து வந்த பிள்ளை 3.4 ஆகவும் பிறக்கலாம். அந்த ஒரு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு ஆபரேஷனுக்கு நாள் குறிக்கச் சொல்வது அவசரம்.

பட்டினி

எடை கூடுதல் என்று டாக்டர் சொன்ன மறுநாளே இரவுச் சாப்பாட்டை நிறுத்துபவர்கள் ஒரு ரகம். "சாப்பிடாம இருந்தா புள்ள சின்னதா இருக்கும், சுகப்பிரசவம் ஆயிரும்" என்று பக்கத்து வீட்டு யோசனையும் கிடைக்கும். கர்ப்பம் எடை குறைக்கும் காலமே கிடையாது. எடை மெதுவாக ஏற வேண்டும். பிஎம்ஐ 25 முதல் 30 வரை இருப்பவர்கள் மொத்தமாக 7 முதல் 11.5 கிலோ, 30க்கு மேல் இருப்பவர்கள் 5 முதல் 9 கிலோ கூடலாம் என்பது 2009இல் அமெரிக்காவில் வகுத்த கணக்கு. நம் டாக்டர்களும் பெரும்பாலும் இதையொட்டியே சொல்கிறார்கள்.

சரி, எதைக் குறைப்பது? என்னைக் கேட்டால் முதலில் குடிப்பதைக் குறைக்கலாம். ஜிகர்தண்டா வேண்டாம் என்று எல்லாருக்கும் தெரியும். பருத்திப்பால் உடம்புக்கு நல்லதென்று பேர் வாங்கியதால் தினமும் மாலை ஒரு டம்ளர் உள்ளே போகும். கருப்பட்டியோ வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ, ரத்தத்துக்குப் போனால் எல்லாம் சர்க்கரைதான். பழச்சாறும் அப்படியே, பழமாகவே கடித்துச் சாப்பிடலாம். சத்துமாவுக் கஞ்சியில் இரண்டு கரண்டி இனிப்பு போட்டால் சத்துக்குப் பதில் இனிப்புதான் மிஞ்சும். இட்லி மூன்றோடு நிறுத்திச் சாம்பாரில் காயைக் கூட்டுங்கள், கூடவே முட்டையோ சுண்டலோ இருக்கட்டும். வளைகாப்பு அன்று கலவைச் சாதத்தில் ஒரு பிடி எடுத்துக்கொள்வதில் ஒன்றும் கெட்டுவிடாது. அடுத்த இரண்டு வாரம் சொந்தக்காரர்கள் கொண்டுவரும் பலகாரத்தில்தான் விஷயம் இருக்கிறது.

சர்க்கரைப் பரிசோதனையில் ஏமாற்றுவது

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பெரியாஸ்பத்திரியிலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள். சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை. ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். 140 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. இதில் 'பாஸ்' ஆக வேண்டுமென்று நான்கைந்து நாள் முன்பிருந்தே சாதத்தையும் இனிப்பையும் விட்டுவிட்டு வருபவர்கள் உண்டு. குமட்டுகிறது என்று பாதி டம்ளரைச் செடிக்கு ஊற்றுபவர்களும், காத்திருக்கும் நேரத்தில் கேன்டீனில் டிபன் முடித்து மூன்று மணி நேரம் கழித்து வருபவர்களும் உண்டு. குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் செவிலியரிடம் சொல்லுங்கள், மறுநாள் திரும்பச் செய்யலாம். முதல் தடவை சரியாக வந்தது என்று 24 முதல் 28ஆம் வாரத்தில் வரும் அடுத்த பரிசோதனைக்குப் போகாமல் இருக்க வேண்டாம். சர்க்கரை பெரும்பாலும் அப்போதுதான் தலைகாட்டும்.

இன்சுலின் எழுதினால் "ஆயுசுக்கும் ஊசியா?" என்று பயந்து நாட்டு மருந்துக்கு ஓடுவதும் நடக்கிறது. பெரும்பாலானவர்களுக்குப் பிரசவத்தோடு அது நின்றுவிடும். இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போவதும் இல்லை.

ரத்தக் கொதிப்பு பார்க்கும்போது ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். தடித்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால், அது பாதியில் பிரிந்துகொண்டு வரும், எண்ணும் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டை இருக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை.

ஃபோலிக் அமில மாத்திரையை நாள் தள்ளிய பிறகு தேடுவது தாமதம். கருவுற்ற 28 நாளிலேயே நரம்புக்குழாய் மூடிவிடும். பிஎம்ஐ 30க்கு மேல் என்றால் சாதாரண அளவைவிடக் கூடுதலாக, 5 மில்லிகிராம் தருவது உண்டு. பிள்ளைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் கேட்டு, ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும்.

நடை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் தடுக்காதவரை தினம் அரை மணி, சித்திரை வெயிலென்றால் ஏழு மணிக்கு முன்னால். தெப்பக்குளத்தைச் சுற்றலாம், மொட்டைமாடியிலும் நடக்கலாம். ஆனால் பிள்ளையின் அசைவு குறைந்தது போலத் தோன்றினால் "குண்டா இருக்கறதால தெரியல போல" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே, அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பிரசவத்துக்குப் பிறகு பத்தியம் என்ற பெயரில் நாற்பது நாள் படுக்கவைத்து நெய்யும் லேகியமும் ஊட்டுவது அடுத்த தவறு. எடை கூடியவர்களுக்குக் காலில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு, ஆபரேஷன் ஆனவர்களுக்கு இன்னும் கூடுதல். டாக்டர் சொன்ன மாத்திரத்தில் எழுந்து நடக்க வேண்டும். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்கள் ஆறு வாரம் கழித்துக் குளுக்கோஸ் பரிசோதனையை, இந்தத் தடவை வெறும் வயிற்றில், மறுபடி செய்தாக வேண்டும். பிள்ளையோடு வீட்டில் முடங்கும் நேரமென்பதால் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிள்ளைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு எப்படியும் சுகாதார நிலையத்துக்குப் போவீர்கள், அன்றைக்கே உங்களுக்கும் பார்த்துக்கொள்ள முடியுமா என்று செவிலியரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.