காக்கைக்கு வைத்த சோறும் கோழிக்கு வைத்த தண்ணீரும்

வடசென்னை எர்ணாவூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் 11 கோழி, 2 சேவல். அமாவாசையானால் அம்மா மதில்மேல் காக்கைக்குச் சோறு வைப்பார். காக்கை பாதியைத் தின்னும், பாதியைக் கீழே சிதறும். கீழே என் கோழிகள் காத்திருக்கும். தின்று முடித்த காக்கை இறங்கி வந்து கோழிக்கு வைத்த சட்டியில் தண்ணீர் குடித்துவிட்டு, போகிற போக்கில் அதிலேயே எச்சமும் போட்டுவிட்டுப் பறக்கும். பல வருடம் டீ குடித்தபடி இதை வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

பறவைக் காய்ச்சல் கொல்லைக்குள் நுழைய இந்தச் சட்டி ஒன்று போதும். நோய் கண்ட பறவையின் எச்சம், எச்சில், மூக்குச்சளி எல்லாவற்றிலும் வைரஸ் இருக்கும். குளிர்ந்த தண்ணீரில் பல நாள் உயிரோடு கிடக்கும். நமக்கு வடக்கே பழவேற்காடு ஏரி. ஐப்பசி தொடங்கி பங்குனி வரை அங்கே வலசைப் பறவைகள். வாத்து வகைகள் வெளியே நோய் தெரியாமலே வைரஸைச் சுமக்கக்கூடியவை. அதற்காகப் பூநாரையைத் திட்டி என்ன பயன்? அது நம் வீட்டு மதிலுக்கு வருவதில்லை. வருவது காக்கையும் கொக்கும். கொடுங்கையூர் குப்பைமேட்டில் இரண்டும் ஒன்றாகக் கிளறுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

காக்கைச் சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. சொன்னால் அம்மா என்னைத்தான் வெளியே அனுப்புவார். சோறு இப்போது மொட்டை மாடிக்குப் போய்விட்டது. தீவனமும் தண்ணீரும் கூண்டுக்குள். மேலே தகர ஷீட், சுற்றிலும் காக்கை தலை நுழையாத வலை. வலை மட்டும் போட்டு மேலே திறந்து விடுவது பலர் செய்யும் தப்பு, எச்சம் மேலிருந்துதானே விழுகிறது. பக்கிங்காம் கால்வாய்க் கரையில் மேயவிடுவதையும் விட்டுவிடுங்கள்.

"நாட்டுக்கோழிக்கு ஒண்ணும் ஆகாது, கழிச்சலுக்கு ஊசி போட்டாச்சு" என்பது அடுத்த தப்பு. அந்த ஊசி வெள்ளைக்கழிச்சலுக்கு, அவசியம் போடுங்கள். ஆனால் அது பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. இரண்டு நோயும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். முகம் வீங்கி, கொண்டையும் தாடியும் நீலம் பூத்து, காலில் ரத்தப்புள்ளி வந்து, ஓடில்லாத முட்டை விழுந்து, நேற்று நன்றாக மேய்ந்தது காலையில் விறைத்துக் கிடந்தால் சந்தேகப்படுங்கள். பரிசோதனைதான் உறுதி சொல்லும். அதற்கான உயர் பாதுகாப்பு ஆய்வகம் போபாலில் இருக்கிறது.

என் சொந்தத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். செங்குன்றம் பக்கம் ஒரு சேவலைப் பார்த்து மயங்கி வாங்கிவந்து, அன்று சாயங்காலமே கூண்டில் விட்டேன். மூன்றாம் நாள் அது தூங்கி வழிந்தது. எட்டு நாளில் 6 கோழி போச்சு. அது கழிச்சல்தான், பறவைக் காய்ச்சல் இல்லை. ஆனால் இரண்டு நோயும் நுழையும் வாசல் ஒன்றேதான். புதுப் பறவையைக் குறைந்தது இரண்டு வாரம் தனியாக, தனிச் சட்டி வைத்து வளர்க்க வேண்டும். அதற்குத் தீனி போடுவதும் கடைசியில்.

நம் ஏரியாவில் புறாக்காரர்களும் சேவல்காரர்களும் தெருவுக்கு நாலு பேர். ஒருவர் கூண்டை இன்னொருவர் பார்க்கப் போவதும், அதே செருப்போடு வீடு திரும்பிக் கோழிக்குத் தீனி போடுவதும் சகஜம். கூண்டுக்கென்று ஒரு பழைய செருப்பு வையுங்கள், அது கேட்டைத் தாண்டக் கூடாது. பலர் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். காய்ந்த எச்சத்தின்மேல் தூவினால் அது உள்ளே இறங்காது. முதலில் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். கோழிக்கடைக் கழிவைக் கொண்டுவந்து போடுவது வேண்டவே வேண்டாம்.

எல்லாவற்றிலும் மோசமானது, "சாகறதுக்குள்ள அறுத்துடலாம்" என்பது. அறுக்கும்போதும் இறகு பிடுங்கும்போதும்தான் மனிதருக்குத் தொற்றும் ஆபத்து அதிகம். செத்ததைக் கால்வாயில் வீசினால் காக்கை கொத்தும். பூனைக்குப் போட்டால் பூனையும் சாகலாம். பறவைக் காய்ச்சல் வைரஸான எச்5என்1 பூனை இனத்தையும் விடாது. 2024 கடைசியில் நாக்பூரில் மீட்பு மையத்துப் புலிகளே இதில் இறந்தன. வெறுங்கையால் தொடாமல், மாஸ்க் போட்டு, இரண்டு பையில் கட்டி, நாயும் பூனையும் எட்டாத இடத்தில் வைத்துவிட்டு கால்நடை உதவி எண் 1962க்கு அழையுங்கள், அல்லது பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள்.

"சொன்னா எல்லாத்தையும் கொன்னுடுவாங்க" என்று மறைப்பவர்களைத் தெரியும். நோய் உறுதியானால் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் கோழிகளை அழிப்பது உண்மைதான். அழிக்கும் கோழிக்கு அரசு இழப்பீடு உண்டு. அதற்கு முன்பே தானாகச் செத்ததற்குக் கிடையாது. மறைக்க மறைக்க நஷ்டம் நமக்கு.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பீர்கள். 70 டிகிரிக்கு மேல் நன்றாக வெந்த கறியிலும் முட்டையிலும் வைரஸ் பிழைக்காது. நோய்ச் செய்தி வரும் வாரங்களில் ஆஃப்பாயில் பிரியர்கள் மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும்.