வீடு கட்டக் கொடுத்தாலும் திறப்பு உங்கள் கையில் இருக்கட்டும்

"என்ர காசைத் தந்துபோட்டு வீட்டை எடுங்கோ" என்று கொந்தராத்துக்காரர் கதவைப் பூட்டிவிட்டால் என்ன செய்வது? பூட்டுவதற்கு முன்னரே செய்ய வேண்டியவைதான் அதிகம்.

இலங்கையில் கொந்தராத்துக்காரர் தனியே ஒரு பத்திரத்தைப் பதிந்து உங்கள் காணியில் கடனை ஏற்ற முடியாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணியை ஈடு வைக்க நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதிய உறுதி வேண்டும். ஆகவே உங்கள் கையெழுத்துத்தான் பூட்டு. வெற்றுத்தாளிலோ வெற்றுக் காசோலையிலோ அதைப் போடாதீர்கள். மூல உறுதியைப் "பொறுப்புக்கு" என்று கேட்டால் போட்டோப் பிரதி கொடுங்கள். மூலத்தை வைத்திருப்பதால் அவருக்கு உரித்து வராது, ஆனால் அதை மீட்க அலைச்சல் உங்களுக்கு. வெளிநாட்டிலிருந்து அற்றோர்னித் தத்துவம் (உங்களுக்காக இன்னொருவர் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம்) கொடுப்பவர்கள் விற்கவும் ஈடு வைக்கவும் அதிகாரம் இல்லை என்று அதிலேயே எழுதுவிக்க வேண்டும். அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த காணியென்றால் பிரதேச செயலாளரின் அனுமதியின்றிக் கைமாற்றவும் இயலாது.

உண்மையான ஆபத்து கைவசம், அதாவது இடம் யார் பிடியில் இருக்கிறது என்பது. நமது ரோமன் டச்சுச் சட்டத்தில், செலவழித்தவர் தன் பணம் கிடைக்கும்வரை சொத்தைப் பிடித்து வைத்திருக்கும் உரிமை ஒன்று உண்டு. சொத்து அவர் கைவசம் இருந்தால்தான் அது நிற்கும். அதனால் ஒப்பந்தத்தில் "வேலை செய்ய உள்ளே வர மட்டும் அனுமதி, கைவசம் உரிமையாளரிடமே, பிடித்து வைக்கும் உரிமையைக் கைவிடுகிறேன்" என்று எழுதுங்கள். கேற்றுக்கும் சீமெந்து அறைக்கும் ஒவ்வொரு திறப்பு உங்களிடம் இருக்க வேண்டும். காவலாளிக்குச் சம்பளம் நீங்களே கொடுங்கள்.

காசை வேலையோடு கட்டுங்கள்: அத்திவாரம், லிண்டல் மட்டம், கூரை, பூச்சு, நிறைவு. ஒவ்வொரு பில்லிலும் 10% பிடித்து, மொத்தத்தில் 5% சேர்ந்ததும் பிடிப்பை நிறுத்துங்கள். 60 இலட்ச வீட்டில் அது 3 இலட்சம். ஒழுக்கு, வெடிப்புத் திருத்தி முடியும்வரை அது உங்களிடம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மாரி தொடங்கி வேலை நிற்கும். அதற்கு முன் பெரிய முற்பணம் கொடுத்தால், மழை விட்டதும் ஆளைத் தேட வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் இப்படி எழுதி வாங்குங்கள்: "இன்று வரை செய்த வேலைக்கும், மேசன்மார் கூலிக்கும், சாமான் கடைப் பாக்கிக்கும் முழுப்பணமும் பெற்றுக்கொண்டேன், இனிப் பாக்கி இல்லை." திகதி, அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து மூன்றும் வேண்டும். சாமான் கடைக்காரரிடம் "என் பெயரில் கடன் கொடுக்க வேண்டாம்" என்று கடிதம் கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். இதை விடுபவர்கள்தான் சீமெந்துக் கடனை இரண்டாம் முறை கட்டுகிறார்கள்.

பூட்டிவிட்டாரா? பூட்டை உடைக்கப் போகாதீர்கள். முதலில் பொலிஸில் முறைப்பாடு. பிறகு 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில், கைவசத்தை மீட்கச் சட்டத்தரணி மூலம் மனு. கைவசம் பறிபோய் 2 மாதத்துக்குள் மனு போட வேண்டும். தாண்டினால் அந்த வழி அடைபடும். சமரசப் பேச்சில் அந்த 2 மாதமும் கரைந்துவிடாமல் பாருங்கள். காசுக் கணக்கை மத்தியஸ்த சபையில் பிறகும் பேசலாம்.