கொம்புச்சா பாட்டிலைக் குறுக்கு விசாரணை செய்வது எப்படி?

‘கி.மு. 221-இல் சீனப் பேரரசர் குடித்த சாகாவரத் தேநீர்.’ சர்க்கரை போட்டுப் புளிக்க வைத்த தேநீரான கொம்புச்சாவை விற்கிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் கதை இது. இதைச் சோதிக்க வரலாற்றுப் பட்டமெல்லாம் வேண்டாம். என்னென்ன போட்டுச் செய்கிறார்கள் என்பதை அந்த ஆண்டோடு பொருத்திப் பாருங்கள். கறுப்புத் தேயிலை சீனாவில் 17ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் வருகிறது. சர்க்கரை காய்ச்சும் வித்தையைக் கற்றுவர தாங் பேரரசர் தைசோங் மகதத்துக்கு ஆள் அனுப்பியதே 7ஆம் நூற்றாண்டில். அப்புறம் எதைப் போட்டுப் புளிக்க வைத்தாராம் அந்த மகராசன்? பச்சைத் தேயிலையும் தேனும் என்று மடக்குவார்கள். இருக்கலாம், அன்று எழுதி வைத்தவர் யார் என்று கேளுங்கள். இதைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்க் கூட்டத்துக்கு அறிவியல் பெயர் சூட்டி விவரித்தவர் லிண்டாவ் என்ற ஜெர்மானியர், 1913-இல். அப்போது ரஷ்யப் பேரரசின் பால்டிக் பக்கத்து வீடுகளில் இது புழக்கத்தில் இருந்தது. நூறு வருஷப் பழமை எனக்குப் போதும்.

அடுத்து, ‘சர்க்கரை குறையும், ஈரல் சுத்தமாகும்’ வகையறா. குடித்தது எலியா, மனிதரா? மனிதர் என்றால் எத்தனை பேர்? 2003-இல் மாற்று மருத்துவத்தை ஆராயும் எட்ஸார்ட் எர்ன்ஸ்ட் தேடியபோது மனிதர்களிடம் முறையாகச் செய்த சோதனை ஒன்றுகூடச் சிக்கவில்லை. 2023-இல் அமெரிக்காவில் ஒன்று வந்தது. வெறும்வயிற்றுச் சர்க்கரை இறங்கியது உண்மைதான். ஆனால் சேர்ந்தவர்கள் 12 சர்க்கரை நோயாளிகள், குடித்தது நான்கு வாரம். இதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

லேபிளில் சர்க்கரைக் கணக்கு 100 மில்லிக்கா, முழு பாட்டிலுக்கா என்று பாருங்கள். பாஸ்சரைஸ் செய்திருந்தால், அதாவது சூடாக்கிக் கிருமிகளைக் கொன்றிருந்தால், பிறகு தனியாகச் சேர்த்தாலொழிய உயிருள்ள நுண்ணுயிர் இருக்காது. செய்யாததில் பாட்டிலுக்குள்ளேயே சாராயம் ஏறும். 2010-இல் அமெரிக்கக் கடைகள் இதனால்தான் பாட்டில்களை எடுத்துவிட்டன.

நான் வீட்டில் போடுகிறவள். அந்தப் புளிப்பு பிடிக்கும், அவ்வளவே. கண்ணாடி ஜாடி மட்டும்தான். மெருகிட்ட பீங்கானில் ஈயம் இருந்தால் அமிலம் அதைக் கரைத்துவிடும். வெயில் காலத்தில் சீக்கிரம் புளிக்கும், ஆகவே நாளை எண்ணாமல் புளிப்பின் அளவைக் காட்டும் பிஎச் தாளை நனைத்துப் பாருங்கள்: 4.2-க்குக் கீழே வரவேண்டும், 2.5-க்குக் கீழே போகக்கூடாது. புளிக்கும்போது மேலே பாலாடை மாதிரி மிதக்கும் ஆடையில் பழுப்பு இழை தொங்கினால் அது ஈஸ்ட், பயமில்லை. உலர்ந்து, பஞ்சு மாதிரி, பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்தால் பூஞ்சை. ஆடையோடு சேர்த்து எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள்.

கர்ப்பிணிகளுக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் வேண்டாம். என் மாமனார் கிட்னி மாற்றிக்கொண்டவர். எத்தனை தடவை கேட்டாலும் அவருக்கு எலுமிச்சை ஜூஸ்தான்.