பிரேக் லைட் எரியவில்லையா? பின் பிரேக் சுவிட்சை நாமே மாற்றலாம்

பிரேக் லைட் கெட்டுப்போனால் பைக் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. பின்னால் வருகிறவர்தான் அதன் விலையைக் கொடுக்கிறார். நாம் திடீரென்று வேகத்தைக் குறைக்கும்போது அவருக்கு எந்த எச்சரிக்கையும் கிடைப்பதில்லை. அதனால்தான் விரல் நீளமுள்ள இந்த பிளாஸ்டிக் சுவிட்சை நான் அலட்சியம் செய்வதே இல்லை. மாற்றுவதும் கடினமில்லை. ஆனால் கோளாறு சுவிட்சில்தானா என்று பார்க்காமல் புதியதை வாங்கிவிடாதீர்கள்.

கோளாறு எங்கே?

சாவியை ஆன் செய்து முன் பிரேக் லீவரைப் பிடியுங்கள். விட்டுவிட்டு, பின் பிரேக் பெடலை மட்டும் மிதியுங்கள். பின்னால் நின்று பார்க்க ஆள் இல்லையென்றால், டெயில் லைட் சுவரைப் பார்க்கும்படி வண்டியை நிறுத்துங்கள். வெளிச்சம் சுவரில் தெரியும்.

முன் பிரேக்குக்கு ஒன்று, பின் பிரேக்குக்கு ஒன்று என இரண்டு சுவிட்சுகள் உண்டு. இரண்டும் ஒரே பல்பைத்தான் எரிய வைக்கின்றன. எனவே லீவரைப் பிடித்தால் எரிந்து, பெடலை மிதித்தால் எரியவில்லை என்றால், பல்பும் ஃபியூஸும் நன்றாகவே இருக்கின்றன. பின் சுவிட்சையோ அதற்குப் போகும் வயரையோதான் பார்க்க வேண்டும். இரண்டிலுமே எரியவில்லை என்றால் முதலில் பல்பைக் கழற்றிப் பாருங்கள். டெயில் லைட் எரிகிறதே, பல்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று பலர் ஏமாந்துவிடுகிறார்கள். பரவலாக வரும் 12 வோல்ட் பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கும்: டெயிலுக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். ஒன்று அறுந்தாலும் மற்றது எரியும்.

பின் சுவிட்ச் பெரும்பாலும் வலது பக்கம், பிரேக் பெடலுக்கு மேலே, ஃபிரேமில் பொருத்தப்பட்டிருக்கும். பெடலிலிருந்து மேலே போகும் மெல்லிய ஸ்பிரிங்கைத் தொடர்ந்து பார்த்தால் கிடைத்துவிடும். சேறும் தண்ணீரும் தெறிக்கும் இடம் என்பதால்தான் உள்ளே இருக்கும் காண்டாக்ட் சீக்கிரம் அரித்துப்போகிறது.

இப்போது அதன் கனெக்டரைக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்காமல், லாக்கை அழுத்திக் கனெக்டரைப் பிடித்து இழுக்க வேண்டும். சாவியை ஆன் செய்து, வண்டிப் பக்கத்துக் கனெக்டரின் இரண்டு முனைகளையும் ஒரு சின்ன வயர்த் துண்டால் இணையுங்கள். பிரேக் லைட் எரிந்தால் சுவிட்ச் போய்விட்டது என்பது உறுதி. எரியாவிட்டால் வழியில் எங்கோ வயர் அறுந்திருக்கிறது. புதுச் சுவிட்ச் போட்டும் பயனில்லை. வயர்த் துண்டு வண்டியின் இரும்பில் பட்டுவிடக் கூடாது. பட்டால் ஃபியூஸ் போய்விடும்.

மாற்றும் முறை

1. சாவியை ஆஃப் செய்யுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுவது நல்லது. சைலன்சர் ஆறியிருக்க வேண்டும்.

2. ஸ்பிரிங் பெடலில் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, நோஸ் பிளையரால் அதைக் கழற்றுங்கள்.

3. சுவிட்சை ஒரு கையால் அசையாமல் பிடித்து, மறு கையால் அதன் பிளாஸ்டிக் நட்டைத் திருகிக் கழற்றுங்கள். சுவிட்சையே திருகினால் வயர் முறுக்கிக்கொள்ளும். முதல் தடவை இதே தவறைச் செய்து ஒரு புதுச் சுவிட்சின் வயரை அறுத்திருக்கிறேன்.

4. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மரை, கனெக்டர், ஸ்பிரிங் நீளம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

5. பிராக்கெட்டில் படிந்த சேற்றைத் துடைத்துவிட்டு, புதுச் சுவிட்சைப் பொருத்தி, ஸ்பிரிங்கையும் கனெக்டரையும் மாட்டுங்கள். வயர் சைலன்சரையோ பெடலையோ தொடாமல் போகட்டும். பிறகு பேட்டரி வயரை இணையுங்கள்.

அட்ஜஸ்ட்மென்ட்

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பெடலின் உயரத்தையும் ஃப்ரீ பிளேயையும் (பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் பெடல் சும்மா நகரும் தூரம்) முதலில் சரி செய்யுங்கள். சுவிட்சை அதன் பிறகுதான் தொட வேண்டும். வரிசை மாறினால் இரண்டு வேலையாகும்.

சாவியை ஆன் செய்து பெடலைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். பிரேக் பிடிக்கத் தொடங்கும் கணத்துக்குச் சற்று முன்னாலேயே லைட் எரிய வேண்டும். தாமதமாக எரிந்தால் நட்டைத் திருகிச் சுவிட்சை மேலே ஏற்றுங்கள். ஸ்பிரிங் இறுகி, லைட் சீக்கிரம் எரியும். பெடலைத் தொடாதபோதே எரிந்தால் கீழே இறக்குங்கள். இதை அப்படியே விட்டால், எப்போதும் எரியும் லைட்டைப் பார்த்து, நாம் எப்போது பிரேக் பிடிக்கிறோம் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. உண்மையில், பழைய சுவிட்சைக் கழற்றும் முன்பே இந்த நட்டைத் திருகிப் பாருங்கள். பல வண்டிகளில் அதிலேயே சரியாகிவிடும்.

முன் சுவிட்ச் கெட்டிருந்தால்

பல வண்டிகளில் அது லீவருக்குக் கீழே ஒரு சின்ன ஸ்குரூவில் நிற்கும். லீவரை அசைத்தால் ‘கிளிக்’ என்று சத்தம் வரும். அதைக் கழற்றி மாட்டுவது இன்னும் சுலபம். ஆனால் சில வண்டிகளில் சுவிட்ச், பிரேக் ஆயில் போகும் குழாயிலேயே பொருத்தப்பட்டிருக்கும். அதைத் திறந்தால் ஆயில் கசியும், காற்று உள்ளே போகும், பிரேக்கே பிடிக்காமல் போகலாம். பிளீடிங் (உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றுவது) செய்யத் தெரியாதவர்கள் அதில் கை வைக்க வேண்டாம். மெக்கானிக்கிடமே கொடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, லீவரையும் பெடலையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். லைட் மினுக்கினால் ஏதோ ஒரு கனெக்டர் சரியாக உட்காரவில்லை. அடுத்த முறை வண்டியைக் கழுவிய பிறகும் இதே சோதனையைச் செய்யுங்கள்.